இரண்டு ஜன்னலுக்கு ஓர் இரும்பு மேடை

நுன்சியாத்தா லோ ப்ரெஸ்திக்கு நாற்பது வயது நெருங்கியபோது அவளைப் பற்றிச் சொல்லத் தெருவில் யாரிடமும் ஒன்றுமில்லை. கிழக்கு ஹார்லெமின் நூற்றுப் பதினொன்றாம் தெருவில் அப்படி ஊர் வாயில் விழாமல் வாழ்வது லேசில்லை. பெண்கள் உடை தைக்கும் தொழிற்சாலையில் பொத்தான் துளை போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை. அம்மா போனபிறகு அப்பாவுக்குச் சமையல். இருபது வயதில் ஒருவன் பெண் கேட்டு வந்தான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததால் கொஞ்சம் பொறு என்றாள். அவன் பொறுக்கவில்லை. தெருமுனை ரொட்டிக் கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு பிராங்ஸ் பக்கம் போய்விட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீடு நான்காம் மாடியில், தெருவைப் பார்த்தது. அந்தத் தெருக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் முன்சுவரில் மாடிக்கு மாடி ஓர் இரும்பு மேடை தொங்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செங்குத்தான இரும்பு ஏணி. தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கென்று கட்டியது. தீப்பிடிக்காத நாளெல்லாம் அதுதான் ஜனங்களுக்கு வாசல், கொல்லை, மொட்டைமாடி எல்லாம். ஜூலைப் புழுக்கத்தில் மெத்தையை இழுத்துப்போட்டு அங்கேதான் படுப்பார்கள். நுன்சியாத்தா காலித் தக்காளி டின்களில் திருநீற்றுப்பச்சிலை வளர்த்தாள். தக்காளிச் சாஸில் அது விழாவிட்டால் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது.

நான்காம் மாடி மேடை இரண்டு வீட்டுக்குப் பொது. இவர்கள் வீட்டு ஜன்னல் ஒன்றும் பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்றும் அதில் திறக்கும். கீழே இறங்கும் ஏணிக்கான துவாரம் மட்டும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது.

அப்பா கலோஜெரோ சுவர் பூசும் கொத்தனாராக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு சரியாகக் கூடாததால் படி இறங்குவதை விட்டுவிட்டார். எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் விளக்கு எரியத் தொடங்கினால்தான் அவருக்குப் பொழுது விடியும். தன் அறை விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"மூணாவது மாடிக்காரி இன்னைக்கும் முட்டைதான் பொரிக்கிறா. புருஷன் மூஞ்சியப் பாரு, எண்ணெய் குடிச்ச மாதிரி."

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறதே உங்களுக்கு வேலையாப் போச்சு."

"நான் எங்கடி எட்டிப் பாக்கறேன்? நான் என் வீட்ல உக்காந்திருக்கேன். அவன்தான் விளக்கப் போட்டுக்கிட்டு சாப்பிடறான்."

அந்த வருடங்களில் இத்தாலியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தெருவைக் காலி செய்துகொண்டிருந்தன. தம்பி வீதோவும் லாங் ஐலண்டில் தோட்டத்தோடு வீடு வாங்கிப் போய்விட்டான். அப்பாவையும் அக்காவையும் அங்கே வரச்சொல்லி ஞாயிறுதோறும் வந்து கெஞ்சுவான். பக்கத்து வீட்டுக்காரர்களும் போனார்கள். குளிர்காலம் முழுவதும் அந்த ஜன்னல் இருட்டாகவே கிடந்தது. ஏப்ரலில் ஒரு மாலை வேலை முடிந்து தெரு திரும்பிய நுன்சியாத்தா வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தாள். நான்காம் மாடியில் இரண்டு ஜன்னலிலும் வெளிச்சம்.

வந்தவர் பெயர் எலுத்தேரியோ சின்ட்ரோன். போர்ட்டோ ரிக்கோ மலைப்பக்கத்துக்காரர். அருகில் இருந்த ஆஸ்பத்திரியில் சமையல் வேலை. மனைவி ஊரிலேயே இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. முதல் சனிக்கிழமை நுன்சியாத்தா செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஜன்னலைத் திறந்தபோது, மேடையில் அவர் ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"மன்னிக்கணும். இங்க வெயில் எப்ப வரும்?"

"காலையில கொஞ்ச நேரம். அப்புறம் எதிர்க் கட்டடம் மறைச்சிடும்."

"அப்ப உங்க டின்ன ஒரு சாண் தள்ளி வெக்கலாமா? உங்க செடி கொழுகொழுன்னு இருக்கு. என்னோடது பாருங்க, நோஞ்சான்."

"அது என்ன செடி?"

அவர் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி நீட்டினார். கொத்தமல்லி போல, ஆனால் நாலு மடங்கு காரமான வாடை. வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"என்னடி அது? யாரோ மூட்டைப்பூச்சிய நசுக்கின மாதிரி நாறுது!"

நுன்சியாத்தாவுக்கு மானம் போயிற்று. அவரோ வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க அப்பாவுக்கு மூக்கு சரியா வேலை செய்யுது. எங்க ஊர்லயும் பாதிப் பேரு இதையேதான் சொல்லுவாங்க. மீதிப் பேரு இது இல்லாம பீன்ஸத் தொட மாட்டாங்க."

அவர் ஸ்பானிஷிலும் அவள் சிசிலியப் பேச்சிலும் பேசினால் பாதிக்குப் பாதி புரியும். புரியாததற்குத் தெரு ஆங்கிலம் இருந்தது. அந்தக் கோடை முழுக்க, சாப்பாடு முடிந்ததும் அவள் தன் ஜன்னல் கட்டையிலும் அவர் தன் ஜன்னல் கட்டையிலும் உட்கார்ந்து பேசினார்கள். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் உப்பில்லாமல் சமைப்பது எவ்வளவு பாவம், தொழிற்சாலை மேற்பார்வைக்காரி வாயை எப்படிக் கோணுவாள், இவைதாம். ஆனால் தொழிற்சாலையில் மாலை மணி அடித்ததும் முதலில் கோட்டை எடுப்பவள் நுன்சியாத்தா என்று ஆகிவிட்டது.

கலோஜெரோவுக்கு இது பொறுக்கவில்லை.

"அந்தத் தீவுக்காரன்கிட்ட தினமும் உனக்கென்ன பேச்சு?"

"நாமளும் தீவுக்காரங்கதானேப்பா."

"நம்மளது பெரிய தீவு!"

அடுத்த கோடையில் ஒரு மாலை எலுத்தேரியோ தொண்டையைச் செருமினார்.

"நுன்சியாத்தா, இந்தத் தெருவ நாம ரெண்டு ஜன்னல்லேர்ந்து பாக்கறோம். ஒரே ஜன்னல்லேர்ந்து பாத்தா என்ன?"

அவளுக்கு விளங்கியது. கை சும்மா இருக்காமல் செடியிலிருந்து பழுத்த இலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டது. பொறுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தவள், பழைய நினைப்பு வந்து அதை விழுங்கினாள்.

"அப்பாவுக்கு யாரு சோறு போடுவா?"

"நீதான். பத்தடி தூரம். சூடுகூட ஆறாது."

செய்தி லாங் ஐலண்டுக்குப் போய்ச் சேர, வீதோ அடுத்த நாளே வந்து நின்றான்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? கீழ தெருவுல நம்ம பசங்களும் இவங்க பசங்களும் கத்தி எடுத்துக்கிட்டு அலையறாங்க. நீ போயி..."

"கத்தி எடுக்கறவங்களுக்கு இருபது வயசு, வீதோ. எங்க ரெண்டு பேருக்கும் முட்டி வலி."

அப்பா கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கதவைக் காட்டினார். "அந்த வாசப்படியத் தாண்டினா எனக்கு மகளே கிடையாது."

அக்டோபரில் ஆலயத்தில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. அப்பா வரவில்லை. வீதோ வந்தான். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடியும் முன்பே எழுந்து போனான். மாலையில் நுன்சியாத்தா தன் சாமான் எடுக்க வீட்டுக்கு வந்தாள். பெட்டியை நிரப்பினாள். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவுப் பக்கம் போகவில்லை. ஜன்னல் கதவை மேலே தூக்கி, பெட்டியை இரும்பு மேடையில் தள்ளி, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே தானும் இறங்கினாள். அந்தப் பக்கம் எலுத்தேரியோ பெட்டியின் காதைப் பிடித்து இழுத்தார்.

"வாசப்படியத் தாண்டலப்பா!" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

எதிர்க் கட்டடத்தில் விளக்கெரிந்த ஜன்னல்களில் எல்லாம் தலைகள். முட்டை பொரிப்பவள் கரண்டியால் தன் மேடைக் கம்பியைத் தட்டித் தாளம் போட்டாள். கலோஜெரோ ஜன்னலை ஓங்கி அடைத்தார்.

மறுநாள் அவர் கோழிக்கடையிலிருந்து வலைக்கம்பி வரவழைத்தார். மேடையின் நடுவே, தரையிலிருந்து தோள் உயரத்துக்கு, கைப்பிடிக் கம்பியில் முறுக்கி முறுக்கிக் கட்டினார். கொத்தனாராக இருந்தபோது வலை கட்டி அதன்மேல் சுண்ணாம்பு அப்பியவர். ஒரு முடிச்சும் லேசாகப் போடவில்லை. வாசல் கதவுக்கு உள்ளே சங்கிலி மாட்டினார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் மேலே வந்து, வழியை அடைக்கக் கூடாது என்றார்.

"வழிய எவன் அடைச்சான்? நாத்தத்த அடைச்சேன்!" என்று சொல்லி அனுப்பிவிட்டார் கலோஜெரோ.

இரண்டு நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஓடின. நுன்சியாத்தா சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. அன்று இரவு அவள் சாப்பிடாமல் படுத்தாள். மூன்றாம் நாள் மாலை மேடையில் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வலையில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டியிருந்தது. அதன் வழியே அப்பாவின் கை, கையில் காலித் தட்டு. முகம் தெருப்பக்கம் திரும்பியிருந்தது. அவள் தட்டை வாங்கி, நிரப்பி, திரும்ப நீட்டினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் இது நடந்தது. அவர் அவளிடம் பேச மாட்டார், காற்றிடம் பேசுவார். "யாரோ இன்னைக்கு உப்ப வாரிக் கொட்டியிருக்காங்க" என்பார். ஒருநாள் அவள், எலுத்தேரியோ அந்த மூட்டைப்பூச்சி இலை போட்டுச் செய்த பீன்ஸைச் சொல்லாமல் வைத்து அனுப்பினாள். தட்டு வழித்துத் துடைத்து வந்தது. "ஒண்ணும் பிரமாதமில்ல" என்றார் காற்றிடம். எலுத்தேரியோ உள்ளே தலையணையை வாயில் வைத்துச் சிரித்தார்.

இரண்டாவது குளிர்காலம். பிப்ரவரி மாதம், தொழிற்சாலையில் வேலை குறைந்து பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மதியம் நுன்சியாத்தா மேசையில் துணி விரித்துத் தனக்கு ஒரு பாவாடை வெட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தது. அடுப்பைப் பார்த்தாள், இல்லை. வாசல் கதவைத் திறந்தாள். கீழ்த்தளத்தில் சோபாவுக்குப் பஞ்சடைக்கும் கடை. அங்கே பிடித்த தீயின் புகை படிக்கட்டுக் கிணறு முழுவதையும் அடைத்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. கதவை அறைந்து சாத்தினாள்.

ஜன்னலைத் தூக்கி மேடைக்கு வந்தபோது ஐந்தாம் மாடிக்காரர்கள் ஏணியில் இறங்கி அவள் காலடித் துவாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அவளும் அப்படியே இறங்கியிருக்கலாம். வலைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் ஜன்னல் மூடியிருந்தது.

"அப்பா! ஜன்னலத் தொறங்க!"

உள்ளே சங்கிலி கழற்றும் ஓசை.

"வாசக் கதவத் தொறக்காதீங்க! படியெல்லாம் புகை!"

அதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார். இருமல் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் மெல்ல உயர்ந்து, கலோஜெரோ ஒரு காலை வெளியே போட்டு, வராத இடுப்பைக் கையால் தூக்கி மறுகாலையும் எடுத்து வைத்தார். கால்களில் காலுறை மட்டும். வலையைப் பிடித்து இழுத்தார். ஒரு முடிச்சை விரலால் நெம்பினார்.

"அவிழ மாட்டேங்குது."

"நீங்க கட்டினது எப்படி அவிழும்!"

தட்டு போகும் ஓட்டையில் அவருடைய தோள்கூட நுழையவில்லை. ஏறித் தாண்ட இடுப்பு இடம் தராது. நுன்சியாத்தா உள்ளே ஓடினாள். மேசைமேல் கிடந்தது துணி வெட்டும் பெரிய கத்தரி ஒன்றுதான். அதில் காகிதம் வெட்டினாலே அவளுக்குக் கோபம் வரும். அதை எடுத்துவந்து கம்பியில் வைத்து இரண்டு கையாலும் நெரித்தாள். ஒரு கண்ணி அறுந்தது.

"ஏடி! அது துணிக் கத்தரி! கூரு போயிடும்!"

"வாய மூடிக்கிட்டு வலைய இழுத்துப் புடிங்கப்பா!"

ஒரு வருடத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. அவர் வாயை மூடிக்கொண்டு இழுத்துப் பிடித்தார். அவள் மேலிருந்து கீழாகக் கண்ணி கண்ணியாக அறுத்தாள். உள்ளங்கை கிழிந்தது, அப்போது தெரியவில்லை. முட்டி உயரம் வரை அறுந்ததும் அவர் மிச்சத்தைக் காலால் மிதித்துச் சாய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

இறங்குவதுதான் பெரும்பாடு. அவர் சுவரைப் பார்த்துப் பின்புறமாக இறங்க, அவள் ஒரு படி கீழே நின்று அவர் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தாள். "இங்க. இன்னொண்ணு. பயப்படாதீங்க, நான் கீழ இருக்கேன்." இரண்டாம் மாடிக்கு வந்தபோது கீழிருந்து வந்த புகையில் கண் தெரியவில்லை. நல்லவேளை, தீயணைப்பு வண்டி வந்திருந்தது. ஒருவர் சாத்திய ஏணியில் ஏறிவந்து கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டார். அவமானத்தில் கலோஜெரோ அவர் முதுகில் குத்தினார்.

தெருவில் பனி மிதிபட்டுச் சேறாகக் கிடந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து எலுத்தேரியோ இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தார். மனைவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ரத்தம் வழியும் கையைத் தன் துண்டால் சுற்றினார். பிறகு மாமனாரின் காலைப் பார்த்தார். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து தன் காலணிகளைக் கழற்றினார்.

"போட்டுக்கோங்க, டான் கலோஜெரோ," என்றார், பெரியவர்களை அழைக்கும் தன் ஊர் மரியாதையில்.

கிழவர் போட்டுக்கொண்டார். "பெருசா இருக்கு."

"கயித்த இறுக்கிக் கட்டிக்கோங்க."

"இதென்ன செருப்பா, படகா?"

எலுத்தேரியோ குனிந்து கயிற்றைத் தானே கட்டிவிட்டார். சற்று நேரம் மூவரும் தங்கள் வீட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கலோஜெரோ ஓரக்கண்ணால் கீழே பார்த்தார்.

"உன் காலு நனையுதே."

"நனையட்டும்."

கடைக்காரருக்குக் கையில் தீக்காயம், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் படிக்கட்டு இரண்டாம் மாடிவரை எரிந்துவிட்டதால் பழுதுபார்க்கும்வரை எல்லாரும் வெளியேற வேண்டியதாயிற்று. வீதோ வந்து அப்பாவை அழைத்துப்போனான். நுன்சியாத்தாவும் எலுத்தேரியோவும் பிராங்ஸில் அவருடைய மாமா மகன் வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

வசந்தத்தில் வீதோவே தேடிவந்தான். "அக்கா, அப்பா சரியாச் சாப்பிட மாட்டேங்கறாரு. நீ வந்து பேசு."

ரயிலேறிப் போனாள். அப்பா தோட்டத்தில் வேலிச்செடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்னப்பா குறை? காத்து, மரம், பேரப்புள்ளைங்க..."

"சாயந்திரமானா ஒண்ணும் தெரியலடி. எல்லாரும் திரைய இழுத்து மூடிக்கிறாங்க. யாரு சாப்பிட்டா, யாரு சண்டை போட்டா, ஒரு விவரமும் கிடையாது. மரம் தெரியுது. மரத்த எவ்வளவு நேரம்டி பாக்கறது?"

மே மாதம் கட்டடம் திறந்தது. எலுத்தேரியோவும் ஐந்தாம் மாடிக்காரரும் கலோஜெரோவைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு மாடி தூக்கிப்போனார்கள். வழியெல்லாம் அவர் இடது வலது சொல்லிக்கொண்டே வந்தார். வலைக்கம்பியைத் தீயணைப்புக்காரர்கள் பிய்த்தெறிந்திருந்தார்கள். அவர் வேறு வாங்கவில்லை. சாப்பாட்டுக்கு மகள் வீட்டு மேசைக்கே வந்தார், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நடைவழியாக, நேராக. மருமகனைப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிடவில்லை. 'தீவுக்காரன்' என்றுதான் கடைசிவரை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வரத் தாமதமானால், "தீவுக்காரன் எங்க? எதிர்ல புதுசா குடி வந்திருக்காங்க, காட்டணும்" என்று நச்சரிப்பார். இருவரும் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டாருக்கு ஆளுக்கொரு கதை கட்டிச் சண்டை போடுவார்கள்.

நான்கு வருடம் அப்படிப் போயிற்று. ஒரு காலை நுன்சியாத்தா காப்பி கொண்டுபோனபோது அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். அடக்கத்தன்று அதிகம் அழுதவன் வீதோ. எலுத்தேரியோதான் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு நகராட்சி அந்த வரிசையையே இடித்துப் பெரிய அடுக்குமாடிகள் கட்டியது. இவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் பதினோராம் மாடியில் இடம் கிடைத்தது. சுவருக்கு வெளியே இரும்பு ஒன்றும் கிடையாது. அவசரப் படிக்கட்டு உள்ளேயே, சிமெண்டில்.

"வெந்நீர் வருது, லிஃப்ட் இருக்கு, எலி இல்ல. வேற என்ன வேணும்?" என்றார் எலுத்தேரியோ.

அவள் மறுக்கவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் வந்து ஒரு மாதமாகியும் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு மாலை வேலையிலிருந்து திரும்பும்போது கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள். நூற்றுக்கணக்கான ஜன்னல்களில் ஒரே மாதிரி வெளிச்சம். தன் வீடு எது என்று கண்டுபிடிக்க மாடி மாடியாக எண்ணவேண்டியிருந்தது. அதற்குப் பக்கத்து ஜன்னலிலும் விளக்கு எரிந்தது.

மேலே போனதும் பையை வைத்துவிட்டு நேரே அந்தக் கதவைத் தட்டினாள். ஒரு கறுப்பினப் பெண் திறந்தாள், கையெல்லாம் மாவு.

"யாரு?"

"பக்கத்து வீடு."

"ரேடியோ சத்தமா இருக்கா? குறைச்சிடறேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்ல. ஒண்ணும் வேணாம். பேரு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எர்லீன்," என்றாள். "உள்ள வாங்க, அடுப்புல எண்ணெய் காயுது. வாசல்ல நின்னு பேச முடியாது."

நுன்சியாத்தா உள்ளே போனாள். எலுத்தேரியோ வேலை முடிந்து வந்தபோது தங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை; நுன்சியாத்தாவின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது.